‘பணம் இல்லை’ என்ற பதில் செல்லாது

1919-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு பள்ளிக்கூட வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆன்டிகோ என்ற சிற்றூர். 13 வயதுப் பையன். பிறந்ததிலிருந்தே வாதம், கை கால் சொன்னபடி கேட்காது, பேச்சு குழறும், எச்சில் வழியும். படிப்பில் மட்டும் குறை கிடையாது. ஐந்தாம் வகுப்பு வரை மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகவே படித்து வந்தான். பள்ளி நிர்வாகம் அவனை நிறுத்திவிட்டு, காது கேளாத, பேச்சு வராத பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் போகச் சொன்னது. வீட்டார் கோர்ட்டுக்குப் போனார்கள். கீழ்க் கோர்ட்டில் ஜூரிகள் பையன் பக்கம் நின்றார்கள். மேலே போனதும் கதை மாறியது. அவனைப் பார்த்தால் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மனம் சோர்ந்து குமட்டல் வருகிறது, ஆசிரியரின் நேரத்தை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்கிறான் என்ற நிர்வாகத்தின் வாதத்தை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். குமட்டல் வந்தது மற்றவர்களுக்கு. வெளியே போக வேண்டியவன் அவன்.

இந்தத் தீர்ப்புக்கு 56 ஆண்டுகள் கழித்து, 1975 நவம்பர் 29 அன்று, எந்த மாற்றுத்திறன் குழந்தையையும் அரசுப் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற சட்டத்தில் அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு அரை நூற்றாண்டு நிறைந்துவிட்டது. நடுவிலிருந்த 56 ஆண்டுகளில் அமெரிக்கர்களின் மனம் இளகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மனம் இளகிப் பள்ளிக் கதவு திறந்ததாக இந்த வரலாற்றில் ஓர் இடம்கூட இல்லை. கோர்ட்டில் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வந்த பிறகுதான் ஒவ்வொரு கதவும் திறந்தது.

கட்டாயக் கல்வி எழுப்பிய சுவர்

தொடக்கம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. 1817-ல் தாமஸ் கேலடெட் என்ற அமெரிக்கரும், லாரன்ட் கிளர்க் என்ற காது கேளாத பிரெஞ்சு ஆசிரியரும் சேர்ந்து ஹார்ட்ஃபோர்டு நகரில் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார்கள். பாஸ்டனில் பார்வையற்றோர் பள்ளியை நடத்திய சாமுவேல் கிரிட்லி ஹவ், அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கும் கற்பிக்க முடியும் என்று 1848-ல் ஒரு சோதனைப் பள்ளி ஆரம்பித்துக் காட்டினார். அதே ஹவ் 1866-ல் நியூயார்க் மாநிலத்தின் படேவியா ஊரில் பார்வையற்றோர் நிறுவனம் ஒன்றின் விழாவுக்குப் போய், இப்படிப்பட்ட நிறுவனங்களை முடிந்தவரை குறைவாக வையுங்கள், இவர்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து குவிக்காதீர்கள் என்று பேசினார். கட்டடம் கட்டியவர்கள் எதிரிலேயே கட்டடம் வேண்டாம் என்று சொன்ன அந்தப் பேச்சை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1852-ல் மாசச்சூசெட்ஸ் மாநிலம் கட்டாயக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. 1918-க்குள் எல்லா மாநிலங்களிலும் அப்படியொரு சட்டம் வந்துவிட்டது. எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கு வந்தே தீர வேண்டும் என்று ஆனபோதுதான், ‘இந்தப் பிள்ளை மட்டும் வர வேண்டாம்’ என்று எழுதிவைக்கும் தேவையும் வந்தது. உடல், மனக் குறை உள்ளவர்களுக்கு விலக்கு என்று சட்டத்திலேயே ஒரு வரி சேர்ந்தது. விலக்கு என்பது சலுகைபோலத் தெரியும். நடைமுறையில் அதன் பெயர் துரத்தல்.

துரத்தப்பட்ட பிள்ளைகளில் பலர் வீட்டிலேயே கிடந்தார்கள். பலர் அரசுக் காப்பகங்களுக்குப் போனார்கள். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் ‘அரசுப் பள்ளி’ இருந்தது. பெயரில்தான் பள்ளி. 4,000 பேருக்காகக் கட்டிய இடத்தில் 6,000 பேர் வரை அடைத்து வைத்திருந்தார்கள். 1965-ல் அங்கே போய்ப் பார்த்த செனட்டர் ராபர்ட் கென்னடி அதைப் பாம்புக் குழி என்று வர்ணித்தார். 1972-ல் ஜெரால்டோ ரிவேரா என்ற இளம் நிருபர் கேமராவோடு உள்ளே புகுந்து எடுத்த காட்சிகள் தொலைக்காட்சியில் வந்தன. சுவர் ஓரத்தில் உடையில்லாமல் சுருண்டு கிடந்த பிள்ளைகளை அமெரிக்கா இரவுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி பார்த்தது.

எதிர்த் தரப்பு வக்கீல் கொடுத்த ஆயுதம்

மாற்றுத்திறன் குழந்தைகளின் உரிமைக்கான வாதத்தை முதலில் சொன்னவர் அவர்களுடைய நண்பர் அல்லர். கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் வைப்பது செல்லாது என்று 1954-ல் தீர்ப்பான பிரவுன் வழக்கில், தென் கரோலினா மாநிலத்துக்காக, அதாவது இனப் பிரிவினைக்காக வாதாடியவர் ஜான் டபிள்யூ. டேவிஸ். 1924-ல் அதிபர் தேர்தலில் நின்று தோற்ற பெரிய மனிதர். நீதிபதிகளைப் பயமுறுத்த அவர் ஒரு வாதம் வைத்தார்: நிறத்தைக் காரணம் காட்டிப் பிரிக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னால், நாளைக்குப் பால், வயது, மனத்திறன் இவற்றை வைத்துக்கூட ஒரு மாநிலம் பிள்ளைகளைப் பிரிக்க முடியாமல் போய்விடுமே!

கோர்ட் பயப்படவில்லை. டேவிஸ் தோற்றார். அவர் பூச்சாண்டியாகக் காட்டியதை உரிமையாகக் கேட்க ஒருவர் வந்தார். தாமஸ் கில்ஹூல் என்ற பிலடெல்பியா வழக்கறிஞர். அவருடைய தம்பியே அறிவுசார் குறைபாட்டால் அரசுக் காப்பகத்தில் இருந்தவர்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஐந்து வயதுக்குரிய அறிவு வளர்ச்சியை எட்டாத பிள்ளையைச் சேர்க்க வேண்டியதில்லை என்று சட்டமே இருந்தது. 15 வயதானாலும் சரி, ‘மன வயது’ ஐந்தைத் தொடாவிட்டால் பள்ளி கிடையாது. அந்த மாநிலத்தின் பெற்றோர் சங்கம் கில்ஹூல் துணையோடு 1971 ஜனவரியில் வழக்குப் போட்டது. நிபுணர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: கற்பிக்க முடியாத குழந்தை என்று யாரும் கிடையாது. ஒருவருக்குக் கல்வி என்பது அல்ஜீப்ரா. இன்னொருவருக்குத் தானே சட்டை போட்டுக்கொள்வதும் கரண்டி பிடித்துச் சாப்பிடுவதும் கல்விதான். எதிர்த்து நிற்க அரசுத் தரப்பிடம் ஒன்றும் இல்லை. சாட்சியம் தொடங்கிய சூட்டோடு சமரசத்துக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மாநிலத்தின் அறிவுசார் குறைபாடுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி என்ற ஒப்பந்தத்துக்குக் கோர்ட் முத்திரை வைத்தது.

அடுத்தது தலைநகர் வாஷிங்டன். நிஜமான கேள்வி அங்கேதான் எழுந்தது. ஏழு குழந்தைகள் சார்பில் வழக்கு. வலிப்பு உள்ள பிள்ளை, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை, நடத்தை சரியில்லை என்று நிறுத்தப்பட்ட பிள்ளை என்று பலவிதம். நகரத்தில் இப்படிப்பட்ட குழந்தைகள் சுமார் 22,000 பேர். அவர்களில் 18,000 பேர் வரை தேவையான கல்வி கிடைக்காமல் இருக்கலாம் என்பது நகர நிர்வாகமே மத்திய அரசுக்குக் கொடுத்திருந்த கணக்கு. கடமை இல்லை என்று கல்வி வாரியம் சொல்லவில்லை. கையில் காசு இல்லை என்று சொன்னது.

இந்தப் பதிலை நாம் எத்தனை அலுவலகங்களில் கேட்டிருக்கிறோம்! ‘செய்யணும்தான், ஃபண்டு இல்லையே.’ நீதிபதி ஜோசப் வாடி 1972 ஆகஸ்ட் 1 அன்று அதற்குத் தீர்ப்பிலேயே விடை எழுதினார். நிதி போதவில்லை என்றால் இருக்கிற நிதியை எல்லாருக்கும் நியாயமாகப் பங்கிடுங்கள். பற்றாக்குறையின் பாரம் முழுவதும் இந்தக் குழந்தைகளின் தலையில் மட்டும் விழக் கூடாது. இன்னொன்றையும் சேர்த்தார். எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்புவதற்கு முன் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். இந்த அரை நூற்றாண்டில் வந்த எல்லாத் தீர்ப்பையும் ஒரு தட்டில் வைத்து, வாடியின் இந்த இரண்டு கட்டளைகளையும் மறு தட்டில் வைத்தால், எனக்கு இரண்டாவது தட்டுதான் கனமாகத் தெரிகிறது.

குப்பைத் தொட்டி வகுப்புகள்

கதவுக்கு வெளியே நின்ற பிள்ளைகளின் கதை ஒன்று என்றால், தவறான கதவுக்குள் தள்ளப்பட்ட பிள்ளைகளின் கதை இன்னொன்று. கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். கேள்வி புரியாமல் விழித்தவர்களை மந்த புத்தி என்று எழுதித் தனி வகுப்பில் போட்டார்கள். 1970-ல் வழக்குக்கு வந்த ஒன்பது பேரைத் தாய்மொழியில் மறுபடி சோதித்தபோது, பெரும்பாலோர் அந்த வகுப்பிலேயே இருக்கத் தேவையில்லை என்று தெரிந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். அவர்களைத் தனி வகுப்புக்கு அனுப்ப அறிவுத்திறன் தேர்வைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979-ல் நீதிபதி ராபர்ட் பெக்கம் தடை போட்டார்.

பிரவுன் தீர்ப்புக்குப் பிறகு நிறத்தைச் சொல்லிப் பிரிக்க முடியவில்லை. ‘சிறப்பு வகுப்பு’ என்ற பெயரில் பிரிக்க முடிந்தது. சிறப்புக் கல்வியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப்போவது வழக்கம்.

தலையாட்டுவதை நிறுத்துங்கள்

1975 சட்டம் வரும்போது நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகள் இருந்ததாகவும், அவர்களில் 10 லட்சம் பேர் அரசுப் பள்ளியின் வாசலையே மிதித்ததில்லை என்றும் நாடாளுமன்றம் சட்டத்தின் முகப்பிலேயே எழுதியது. பிரதிநிதிகள் சபையில் 404 பேர் ஆதரவு, 7 பேர் எதிர்ப்பு. செனட்டில் 87-க்கு 7. ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தில் ஒரு தனிக் கல்வித் திட்டம், அதைத் தீட்டும் கூட்டத்தில் பெற்றோருக்கு இடம், உடன்பாடில்லை என்றால் விசாரணை, விசாரணை முடியும்வரை பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும் உரிமை, முடிந்தவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பு. பென்சில்வேனியாவிலும் வாஷிங்டனிலும் கோர்ட்டில் வென்றெடுத்தவைதான் சட்டமாக உருமாறின. கையெழுத்திட்ட ஃபோர்டுக்கு இதில் பெரிய உற்சாகம் இல்லை. மத்திய அரசால் கொடுக்க முடியாததை இந்தச் சட்டம் வாக்களிக்கிறது என்று அறிக்கை விட்டுக்கொண்டேதான் போட்டார்.

சட்டம் வந்தாலே வேலை நடந்துவிடுமா? இதற்கு இரண்டு வருடம் முன்பே, 1973-ல், மறுவாழ்வுச் சட்டம் ஒன்று வந்திருந்தது. அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளியை ஒதுக்கக் கூடாது என்று அதன் 504-ம் பிரிவு சொன்னது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை எல்லாம் அதில் அடக்கம். அதைச் செயல்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் அரசு நான்கு வருடம் இழுத்தடித்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. படிக்கட்டு படிக்கட்டாகவே இருந்தது.

இங்கே ஜூடி ஹியூமனைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. நியூயார்க்கின் புரூக்ளின்காரர். ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கியது. ஐந்து வயதில் சக்கர நாற்காலியில் வைத்து அம்மா பள்ளிக்குக் கூட்டிப்போனபோது, தீப்பிடித்தால் இந்தப் பெண்ணால் ஆபத்து என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு ஆசிரியை வந்தார். வாரத்துக்கு மொத்தம் இரண்டரை மணி நேரம். அந்தப் பெண் படித்து, ஆசிரியர் பணிக்கான எழுத்துத் தேர்விலும் பேச்சுத் தேர்விலும் தேறி, மருத்துவப் பரிசோதனையில் நிறுத்தப்பட்டார். நடக்க முடியாதவர் வகுப்பெடுக்கக் கூடாதாம். 1970-ல் கல்வி வாரியத்தின் மேல் வழக்குப் போட்டு வென்றார்.

1977 ஏப்ரல் 5 அன்று, அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அமைச்சர் ஜோசப் கலிஃபானோ 504 விதிகளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பல நகரங்களில் அரசு அலுவலகங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் நுழைந்தார்கள். மற்ற ஊர்களில் சீக்கிரமே முடிந்துவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹியூமன், கிட்டி கோன் தலைமையில் சுமார் 150 பேர் நகரவே இல்லை. சக்கர நாற்காலிக்காரர்கள், பார்வையற்றோர், காது கேளாதோர், உதவியாளர் இல்லாமல் படுக்கையில் புரள முடியாதவர்கள். தொலைபேசியைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று சைகையில் வெளியே செய்தி சொன்னார்கள். துண்டிக்க முடியாத ஒரே இணைப்பு அது! கறுப்பின உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் கட்சியினர் தினமும் சமைத்த சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுடைய தோழர் பிராட் லோமாக்ஸ் சக்கர நாற்காலியில் உள்ளே இருந்தார்.

விசாரணைக்கு வந்த அரசு அதிகாரி ஒருவர் ஹியூமன் பேசப் பேசத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் சொல்வது உங்களுக்குப் புரிகிறது என்று எனக்குத் தோன்றவில்லை, தயவுசெய்து தலையாட்டுவதை நிறுத்துங்கள் என்று அழுகையும் கோபமுமாகச் சொன்னார் ஹியூமன். ஏப்ரல் 28 அன்று கலிஃபானோ கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவில் ஓர் அரசுக் கட்டடத்தை இத்தனை நாள் அமைதியாக ஆக்கிரமித்த போராட்டம் வேறு கிடையாது என்பார்கள். இன்றைக்கு அங்கே எந்தப் பள்ளிக்கூடத்தில் சாய்தளத்தைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் இந்த ஏப்ரல் மாதம் இருக்கிறது.

எவ்வளவு கொடுத்தால் போதும்?

உள்ளே விடலாமா என்ற கேள்வி அடங்கியதும், உள்ளே வந்த பிள்ளைக்கு எவ்வளவு என்ற கேள்வி கிளம்பியது. ஏமி ரௌலி, நியூயார்க் மாநிலத்தில் முதல் வகுப்பு படித்த காது கேளாத சிறுமி. உதடசைவைப் படிப்பதில் கெட்டிக்காரி. பெற்றோரும் காது கேளாதவர்களே. வகுப்பில் பேசப்படுவதில் 60 சதவீதம்கூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை; சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளைதான் நன்றாகப் பாஸ் ஆகிறாளே என்றது பள்ளி. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ரௌலிக்காக வாதாடிய மைக்கேல் சாட்டாஃப், அந்த நீதிமன்றத்தில் வாதாடிய முதல் காது கேளாத வழக்கறிஞர். நீதிபதிகளின் கேள்விகளைத் திரையில் எழுத்தாகப் படித்து அவர் பதில் சொன்னார். அவருக்கு வேண்டிய அந்த வசதியைக் கோர்ட் கொடுத்தது. அவருடைய கட்சிக்காரக் குழந்தைக்கு அதற்கு ஈடானதைக் கொடுக்க மறுத்தது. 1982-ல் 6-க்கு 3 என்று தீர்ப்பு: சட்டம் அடிப்படை வாய்ப்பைத்தான் தருகிறது, குழந்தையின் முழுத் திறமையையும் வெளிக்கொண்டுவரும் பொறுப்பு பள்ளிக்கு இல்லை. பாதி கேட்டே பாஸ் ஆன பிள்ளை முழுவதும் கேட்டால் எங்கே போயிருக்கும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கேட்டுக்கொள்ளவில்லை. ஏமி பின்னாளில் சைகை மொழிப் பேராசிரியரானார்.

அதன்பிறகு கீழ் நீதிமன்றங்கள் போட்டி போட்டுக்கொண்டு அளவைக் குறைத்தன. 1993-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், பள்ளி தர வேண்டியது ஓடுகிற செவ்ரலே காரைத்தான், காடிலாக்கை அல்ல என்று எழுதியது. நல்ல தீர்ப்பும் வராமல் இல்லை. கடும் பாதிப்புள்ள ஒரு சிறுவனுக்குப் படிப்பால் பயனில்லை என்று நியூ ஹாம்ஷையரின் ராச்செஸ்டர் நகரப் பள்ளி மறுத்தபோது, பயன் இருக்கும் என்று நிரூபித்துவிட்டு வா என்று குழந்தையிடம் கேட்க முடியாது, விதிவிலக்கு ஒருவருக்கும் இல்லை என்று 1989-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடித்துச் சொன்னது.

கொலராடோவைச் சேர்ந்த ஆட்டிசம் உள்ள சிறுவனின் வழக்கில், ஒன்றுமில்லை என்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்தாலே போதும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அந்த வரையறையை அதே நீதிமன்றத்தில் முன்னொரு வழக்கில் எழுதியவர் நீல் கோர்சச். 2017 மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதைத் தூக்கியெறிந்தார்கள். அந்தக் குழந்தையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் தரும் கல்வியாக இருக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். தீர்ப்பு வெளியான அந்த நேரத்தில், உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கான விசாரணையில் செனட் குழுவின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் சாட்சாத் அதே கோர்சச். வரலாற்றுக்குக் குறும்பு உண்டு.

இங்கே

இன்று அமெரிக்காவில் சுமார் 75 லட்சம் மாணவர்கள், அதாவது அரசுப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர், இந்தச் சட்டத்தின்கீழ் படிக்கிறார்கள். ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம்வரை மத்திய அரசு ஈடுகட்டும் என்று 1975-ல் சொன்னார்கள். ஒரு வருடம்கூட அதைத் தொட்டதில்லை; இப்போது தருவது 15 சதவீதத்துக்கும் கீழே. 2025 மார்ச்சில் மத்தியக் கல்வித் துறையையே மூடும் நடவடிக்கைக்கு அதிபர் டிரம்ப் ஆணையிட்டார். இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் துறை அதுதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கைக்கு அமெரிக்கச் சட்டங்கள் ஒரு முன்மாதிரி. ஆனால் அதை ஏற்க 2012 டிசம்பரில் செனட்டில் நடந்த வாக்கெடுப்பில், 89 வயது முன்னாள் செனட்டர் பாப் டோல் சக்கர நாற்காலியில் வந்து சபையில் உட்கார்ந்தும், ஐந்து வாக்கு குறைந்து போயிற்று. இந்தியா அதை 2007-லேயே ஏற்றுவிட்டது. அதன் விளைவாகத்தான் நமக்கு 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 21 வகைக் குறைபாடுகள் அதில் அடங்கும். தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கும், நடுநிலை வகுப்புகளில் 15 பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025-ல் மாநிலங்களை மறுபடி நெருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் இந்த வேலையைப் பெரும்பாலும் தொகுப்பூதியச் சிறப்பாசிரியர்கள்தான் ஓடி ஓடிச் செய்கிறார்கள். கேட்டால் வரும் பதில், வாஷிங்டன் வாரியம் 1972-ல் சொன்ன அதே பதில்.

நம் சட்டத்தில் ஒரு குறை பெரிது. அமெரிக்கப் பெற்றோருக்குத் திட்டக் கூட்டத்தில் இருக்கை உண்டு, ஒப்பவில்லை என்றால் விசாரணை உண்டு. இங்கே மாநில ஆணையரிடம் முறையிடலாம். அவர் தருவது பரிந்துரை. அதிகாரிகள் மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். விசாரிக்கும்போது ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. கையில் இருக்கும் இந்தக் கருவியையும் பெரும்பாலான பெற்றோர் எடுப்பதில்லை. பள்ளியில் வாய்வார்த்தையாகச் சொல்லும் மறுப்போடு வீடு திரும்பிவிடுகிறார்கள்.

திரும்பாதீர்கள். ‘உங்க பிள்ளைக்கு இந்தப் பள்ளி சரிப்படாதுங்க’ என்று தலைமையாசிரியர் சொன்னால், அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். தர மறுத்தால், தேதியும் காரணமும் குறிப்பிட்டு நீங்களே ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அந்தப் பள்ளிக்கு அனுப்புங்கள். நகலோடு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனுப் போடுங்கள். மனுவில் 2016 சட்டத்தின் 16, 31 ஆகிய பிரிவுகளைக் குறிப்பிட மறக்க வேண்டாம். பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்பது முதலாவது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 வயதிலிருந்து 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்பது இரண்டாவது.